ட்ரங்க் கால், எஸ்.டி.டி., மிஸ்டு கால்: அழைப்பின் வகைகள் எங்கே போயின?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இது: பாட்டிக்கு அன்லிமிடெட் பேக் போட்டுக் கொடுத்த பிறகும் அவர் போனை எடுத்ததும் "சீக்கிரம் சொல்லு, காசு ஏறுது" என்கிறார். ட்ரங்க் கால், அர்ஜென்ட் கால், பி.பி. கால், எஸ்.டி.டி. என்று அவர் சொல்லும் வகைகள் எதற்காக இருந்தன, எப்போது போயின? உங்கள் வயதுக்காரர்கள் மெசேஜிலும் வாய்ஸ் நோட்டிலுமே காலத்தை ஓட்டுகிறார்களே, போனில் பேசும் பழக்கமே செத்துக்கொண்டிருக்கிறதா? இரண்டு கேள்வி மாதிரி இருந்தாலும் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். ஓர் அழைப்பைச் செய்வதா வேண்டாமா, எந்த நேரத்தில் செய்வது, எவ்வளவு நேரம் பேசுவது என்பதையெல்லாம் தீர்மானிப்பது எது? அது மாறும்போதெல்லாம் அழைப்பின் வகைகளும் மாறியிருக்கின்றன.

நான் தொலைபேசித் துறையில் ட்ரங்க் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டராகச் சேர்ந்து, பிறகு பில்லிங் பிரிவிலும் கடைசியில் வாடிக்கையாளர் சேவை மையத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆள். கட்டணம், விதி, ஆண்டு பற்றி இங்கே எழுதுவது உறுதியானது. மக்கள் ஏன் அப்படி நடந்துகொண்டார்கள் என்பது கவுன்ட்டரிலும் வரிசையிலும் பார்த்துப் பார்த்து நான் புரிந்துகொண்டது. அதில் என் ஊகமும் கலந்திருக்கும். அப்படிப்பட்ட இடங்களில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ட்ரங்க் கால். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் 180-க்குப் போன் செய்து பதிவு செய்ய வேண்டும். எந்த ஊர், எந்த எண், எந்த வகை என்று கேட்டு ஒரு சிறு சீட்டில் எழுதிக்கொள்வோம். அந்தச் சீட்டு அந்த ஊர் லைன்களைக் கவனிக்கும் போர்டுக்குப் போய் வரிசையில் காத்திருக்கும். லைன் கிடைத்ததும் அந்த ஊர் ஆபரேட்டரைப் பிடித்து, அவர் அங்கே மணி அடிக்க, நாங்கள் இங்கே பதிவு செய்தவருக்கு மணி அடித்து, இரண்டையும் போர்டில் வயர் செருகி இணைப்போம். இரண்டு பெரிய நகரங்களுக்கு நடுவிலேயே ஒரே நேரத்தில் பேசக்கூடிய அழைப்புகள் எண்ணிச் சொல்லும் அளவுக்குத்தான் இருந்தன. ஆகவே மணிக்கணக்கில் காத்திருப்பது சாதாரணம். காலையில் பதிவு செய்துவிட்டு, வீட்டில் யாராவது ஒருவர் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தப் பற்றாக்குறையிலிருந்துதான் வகைகள் பிறந்தன. ஆர்டினரி கால் என்றால் வரிசைப்படி. அர்ஜென்ட் கால் என்றால் இரட்டிப்புக் கட்டணம், வரிசையில் முன்னால் போகலாம். லைட்னிங் கால் அதற்கும் மேலே; கட்டணமும் பல மடங்கு, பொதுமக்கள் அதை அபூர்வமாகத்தான் கேட்டார்கள். இவை மூன்றும் அவசரத்துக்கு விலை வைத்த வகைகள். பி.பி. (பர்ட்டிகுலர் பர்சன்) கால் வேறு மாதிரி. ஒரு எண்ணுக்குப் போன் செய்வதற்குப் பதிலாக, அந்த எண்ணில் ஒரு குறிப்பிட்ட ஆளைக் கூப்பிட்டுத் தரச் சொல்வது அது. அந்த ஆள் வந்து ரிசீவரைப் பிடித்த பிறகுதான் நேரம் ஓடத் தொடங்கும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. ஃபிக்ஸ்டு டைம் கால் என்று இன்னொன்று இருந்தது, இத்தனை மணிக்கு இணைத்துத் தாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது. எல்லா வகைக்கும் மூன்று நிமிடம் என்பது அடிப்படை அலகு. மூன்று நிமிடம் முடியும்போது ஆபரேட்டர் குறுக்கே வந்து "எக்ஸ்டெண்ட் பண்ணணுமா?" என்று கேட்பார். உங்கள் பாட்டியின் அவசரத்துக்கு விதை அந்தக் குரல்தான் என்று நினைக்கிறேன். மூன்று நிமிடத்துக்குள் எல்லோரையும் விசாரித்து, வந்த விஷயத்தைச் சொல்லி, பதிலும் வாங்கிவிட வேண்டும் என்று ஒரு தலைமுறையே பழகியிருந்தது. சிலர் பேச வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசினார்கள்.

இந்தியாவில் ஆபரேட்டர் இல்லாமல் சந்தாதாரரே வெளியூருக்கு டயல் செய்யும் வசதி 1960-ல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையில் தொடங்கியது. சப்ஸ்கிரைபர் ட்ரங்க் டயலிங் என்பதன் சுருக்கமே எஸ்.டி.டி. அமெரிக்காவில் 1951-லும் பிரிட்டனில் 1958-லும் இது வந்துவிட்டது. நம் ஊர்களுக்கு ஒவ்வொன்றாகப் பரவ இன்னும் பல ஆண்டுகள் ஆயின. சிற்றூர்களை இணைத்ததில் 1984-ல் தொடங்கிய சி-டாட் என்ற அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனத்தின் பங்கு பெரியது. குளிர்சாதன வசதி இல்லாமலே ஓடக்கூடிய, 128 லைன் கொண்ட கிராமப்புற எக்ஸ்சேஞ்சை அவர்கள் வடிவமைத்தார்கள். முதலாவது 1986-ல் கர்நாடகத்தின் கித்தூரில் நிறுவப்பட்டது. அதன் பிறகுதான் எஸ்.டி.டி. பெருநகரங்களைத் தாண்டி உள்ளே நுழைந்தது.

எஸ்.டி.டி. வந்ததும் அவசரத்துக்கு விலை என்பது போய், தூரத்துக்கும் நேரத்துக்கும் விலை என்றானது. இதன் உள்வேலையைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் மக்களின் பழக்கத்தை உருவாக்கியதே இதுதான். எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஒரு மீட்டர் இருக்கும். பேசும்போது அதற்கு விட்டுவிட்டு ஒரு துடிப்பு போகும். ஒரு துடிப்புக்கு ஒரு யூனிட் ஏறும். பக்கத்து ஊர் என்றால் துடிப்பு நிதானமாக வரும், டெல்லி என்றால் சில நொடிகளுக்கு ஒன்று. இரவானதும் அதே துடிப்பு மெதுவாகும். முழுக் கட்டணம், அரை, மூன்றில் ஒன்று, கால் என்று நேரம் ஏற ஏற இறங்கிக்கொண்டே போகும். ஞாயிற்றுக்கிழமைக்கும் தேசிய விடுமுறைக்கும் பகலிலேயே சலுகை. சலுகை நேரங்களின் எல்லை அவ்வப்போது மாறியது, ஆனால் இரவில்தான் மலிவு என்பது மாறவில்லை.

துறை ஏன் அப்படிச் செய்தது? லைன்களின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது பகலில் மிக நெருக்கடியான அந்த ஒரு மணி நேரம். அலுவலகங்கள் இயங்கும் முற்பகலில் கூட்டம் நெரியும், இரவில் அதே லைன்கள் சும்மா கிடக்கும். குடும்ப அழைப்புகளை இரவுக்குத் தள்ளினால் புதிய லைன் போடாமலே எல்லோருக்கும் இடம் கிடைக்கும். அது பலித்தது, ஒருவகையில் அளவுக்கு மீறியே பலித்தது. கட்டணம் இறங்கும் நிமிடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் டயல் செய்ய, இரவிலும் ஒரு நெருக்கடி உருவானது. "இந்த வழித்தடத்தில் உள்ள எல்லா இணைப்புகளும்..." என்று தொடங்கும் பதிவுக்குரலைக் கேட்டுக்கொண்டு ஊரே திரும்பத் திரும்ப டயல் செய்யும்.

இந்தக் காலத்தின் அடையாளம் மஞ்சள் பலகை போட்ட எஸ்.டி.டி. பூத். வீட்டுக்கு இணைப்பு வாங்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்த நாட்டில், போன் இல்லாதவரும் போனில் பேசலாம் என்றாக்கியது அதுதான். நடத்துபவருக்குக் கமிஷன், பூத் ஒதுக்கீட்டில் மாற்றுத் திறனாளிகளுக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கும் முன்னுரிமை தரப்பட்டது. கண்ணாடி அறைக்குள் நீங்கள் பேச, வெளியே சிவப்பு எழுத்தில் தொகை ஏறும். எக்ஸ்சேஞ்ச் அனுப்பும் அதே மீட்டர் துடிப்பைத்தான் அந்தப் பெட்டி எண்ணிக் காட்டியது. காசு ஏறுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பேசிய ஒரே காலம் அது. பேச்சின் வேகம் அதற்கேற்ப இருந்ததை எந்த பூத்காரரும் சொல்வார்: பத்து ரூபாய் நெருங்கினால் குரல் அவசரப்படும், விஷயம் முடியாவிட்டாலும் "அப்புறம் லெட்டர் போடறேன்" என்று வைத்துவிடுவார்கள். விடுதி மாணவர்களும் கட்டட வேலைக்கு வந்தவர்களும் இரவு வரிசையில் நிற்பார்கள். அந்தப் பக்கத்தில் பெற்றோர் இன்னொரு வீட்டில் போய்க் காத்திருப்பார்கள்.

இன்னொரு வீடு என்றதும் பி.பி. எண்ணைச் சொல்லாமல் விட முடியாது. தெருவில் ஒரு வீட்டில் போன் இருந்தால் அது அந்தத் தெருவுக்கே போன். கல்யாணப் பத்திரிகையிலும் விசிட்டிங் கார்டிலும் அந்த எண்ணைப் போட்டுப் பக்கத்தில் "பி.பி." என்று அச்சடிப்பார்கள். அழைப்பு வந்தால் போன்காரர் வீட்டுப் பிள்ளை ஓடிப்போய்க் கூப்பிட்டு வரும். வருபவர் அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் நின்று, எல்லோரும் கேட்கப் பேச வேண்டும். மரணச் செய்தி, வேலை கிடைத்த செய்தி, பெண் பார்க்க வருகிறார்கள் என்ற செய்தி எல்லாமே தெருவுக்குத் தெரிந்துதான் வீட்டுக்குத் தெரிந்தது. போன் என்பது தனிப்பட்ட விஷயம் என்ற எண்ணமே நமக்கு மிகப் பிந்தி வந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

லோக்கல் கால் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் எவ்வளவு நேரம் பேசினாலும் ஒரே யூனிட். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, பிறகு மூன்று நிமிடத்துக்கு ஒன்று. வீட்டில் சண்டை வந்ததெல்லாம் எஸ்.டி.டி.யால்தான். டயலின் ஓட்டையில் சிறு பூட்டு மாட்டினார்கள், பின்னாளில் ரகசிய எண் வைத்து எஸ்.டி.டி. லாக் போட்டார்கள். அருகில் உள்ள ஊர்களுக்கு 0-வுக்குப் பதிலாக 95 போட்டு டயல் செய்யும் முறை வந்தபோதுதான் எஸ்.டி.டி. வசதி வாங்காதவர்களும் பக்கத்து ஊருக்குத் தாங்களே பேச முடிந்தது.

செல்போனின் தொடக்கம் 1995 ஜூலை 31. மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். ஆனால் அடுத்த ஏழெட்டு ஆண்டுகள் அது பேசுவதற்கான கருவியாக இருந்ததைவிட, வைத்திருப்பதற்கான கருவியாகவே இருந்தது. நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய் வரை கட்டணம். அதோடு, வரும் அழைப்புக்கும் எடுப்பவரே காசு கொடுக்க வேண்டும். இந்த இரண்டாவது விதியின் விளைவு விசித்திரமானது. செல்போன் எண்ணை யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். மணி அடித்தால் எண்ணைப் பார்த்து, துண்டித்துவிட்டு, பக்கத்து பூத்துக்குப் போய்த் திருப்பிப் பேசுவார்கள். ட்ரங்க் காலிலும் எஸ்.டி.டி.யிலும் செலவு அழைத்தவருடையது. இங்கே முதல் முறையாக எடுப்பவர் கணக்குப் பார்த்தார்.

இதை மாற்றியது 2003. அந்த ஆண்டு மே 1 முதல், அழைப்பவரின் நிறுவனம் பெறுபவரின் நிறுவனத்துக்கு ஒரு தொகை தர வேண்டும் என்ற இணைப்புக் கட்டண முறையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நடைமுறைப்படுத்தியது. இன்கமிங் இலவசமானது. மக்களின் பழக்கத்தை மாற்றிய ஒரே ஒரு நாளைக் காட்டு என்று என்னைக் கேட்டால், செல்போன் அறிமுகமான நாளைக் காட்டாமல் இந்த நாளைத்தான் காட்டுவேன். வரும் அழைப்புக்குக் காசே செலவழிக்காமல் ஒருவர் போன் வைத்துக்கொள்ளலாம் என்பது அன்றுதான் பரவலாகச் சாத்தியமானது. பூக்காரரும் பிளம்பரும் ஆட்டோ ஓட்டுநரும் போன் வாங்கியது அதற்குப் பிறகுதான். அடுத்த ஆண்டு, 2004 அக்டோபரில், நாட்டில் செல்போன்களின் எண்ணிக்கை லேண்ட்லைன்களைத் தாண்டியது.

மிஸ்டு காலுக்கு அதற்கு முன்பே ஒரு வரலாறு உண்டு. லேண்ட்லைனிலேயே "வீடு போய்ச் சேர்ந்ததும் ரெண்டு ரிங் விட்டு வெச்சிடறேன்" என்று சொல்லிப் போவார்கள். ஆனால் இன்கமிங் இலவசமான பிறகு அது ஒரு முழு அழைப்பு வகையாகவே வளர்ந்தது. எடுத்தால்தான் காசு, மணி அடித்தால் காசு இல்லை. ஆகவே மணியே செய்தியானது. ஒரு மிஸ்டு கால் என்றால் கிளம்பிவிட்டேன், இரண்டு என்றால் வாசலில் நிற்கிறேன், விடாமல் வந்தால் திருப்பிக் கூப்பிடு. யார் யாருக்கு மிஸ்டு கால் கொடுக்கலாம் என்பதற்கு எழுதாத விதிகள் இருந்தன. பிள்ளைகள் பெற்றோருக்குக் கொடுக்கலாம், வேலையாள் முதலாளிக்குக் கொடுக்கலாம், மனைவி வெளியூரில் வேலை பார்க்கும் கணவருக்குக் கொடுக்கலாம். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குக் கொடுத்தால் அது பேச்சாகிவிடும். சம்பாதிப்பவர் திருப்பிக் கூப்பிட வேண்டும் என்பதே பொதுவான நியதி. இது என் கவனிப்புதான். ஆனால் எண்ணற்ற வீடுகளில் இதே ஒழுங்கைப் பார்த்திருப்பீர்கள்.

நிறுவனங்களும் இதைப் பிடித்துக்கொண்டன. பெங்களூரில் 2010-ல் தொடங்கிய ஜிப்டயல் என்ற நிறுவனம் மிஸ்டு காலையே விளம்பரத் தொழிலாக்கியது. 2015-ல் ட்விட்டர் அதை வாங்கியது. 2011-ல் அண்ணா ஹசாரேயின் ஊழல் எதிர்ப்பு இயக்கத்துக்கு ஆதரவு தெரிவிக்க மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னார்கள். கட்சிகள் உறுப்பினர் சேர்த்தன, வங்கிகள் பேலன்ஸ் சொன்னன. வருமானம் தராத ஓர் அழைப்பு இவ்வளவு வேலை செய்ததற்கு ஈடாகத் தொலைத்தொடர்பு வரலாற்றில் அதிகம் இல்லை.

இதற்கிடையில் எஸ்.டி.டி. எப்படிப் போனது? ஒரே நாளில் யாரும் அதை ரத்து செய்யவில்லை. நாடு முழுவதும் ஆப்டிகல் ஃபைபர் போனதும், தூரத்துக்கு என்று தனியாகச் செலவு ஏறக்குறைய இல்லாமல் போனது. சென்னையிலிருந்து தாம்பரத்துக்கும் டெல்லிக்கும் உள்ள வித்தியாசம் கணக்கில் கொள்ளத்தக்கதாக இல்லை. 2000 ஆகஸ்டில் வெளியூர் அழைப்புச் சேவையில் தனியாரும் அனுமதிக்கப்பட்டார்கள். 2002 ஏப்ரலில் வெளிநாட்டு அழைப்பிலும் (ஐ.எஸ்.டி.) வி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் தனியுரிமை முடிந்தது, இணையவழிப் பேச்சும் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. கட்டணம் படிப்படியாக விழுந்தது. 2005-ல் சென்னையும் தமிழ்நாட்டின் மற்றப் பகுதியும் ஒரே தொலைத்தொடர்பு வட்டமாயின (சர்க்கிள்). 2006 மார்ச் 1-ல் அரசு நிறுவனங்களான பி.எஸ்.என்.எல்.லும் எம்.டி.என்.எல்.லும் "ஒன் இந்தியா" திட்டத்தைக் கொண்டுவந்தன: இந்தியாவில் எங்கே பேசினாலும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய். மதுரைக்கு 0452, கோவைக்கு 0422 என்று எண்கள் நீடித்தன, ஆனால் அவற்றை டயல் செய்யும்போது வயிற்றில் உண்டான அந்தத் தயக்கம் போய்விட்டது. 2009-ல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்றது. மூன்று நிமிடம் என்ற அலகு நிமிடமாகி, நிமிடம் நொடியாகிவிட்டது. அந்தச் சில ஆண்டுகளில்தான் பூத்துகள் ஜெராக்ஸ் கடைகளாகவும் ரீசார்ஜ் கடைகளாகவும் மாறின. பூத்தை நம்பியிருந்த மாற்றுத் திறனாளிகள் பலருக்கு அது பெரிய இழப்பு. பேசுவது மலிவானதைக் கொண்டாடியவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

கடைசி அடி 2016 செப்டம்பர் 5. ஜியோ வணிகரீதியாகத் தொடங்கியபோது குரல் அழைப்புக்குக் கட்டணமே இல்லை என்றது. அவர்களுடைய வலையமைப்பில் குரலும் டேட்டாவாகவே போனதால் நிமிடத்துக்கு விலை வைப்பதில் பெரிய அர்த்தம் இருக்கவில்லை. மற்ற நிறுவனங்களும் வேறு வழியில்லாமல் அன்லிமிடெட் என்ற பாதைக்கு வந்தன. ஆனாலும் நிறுவனங்களுக்கிடையே அந்த இணைப்புக் கட்டணம் இன்னும் உயிரோடு இருந்ததால், 2019-ல் ஒரு வேடிக்கையான சண்டை நடந்தது. தன் வலையமைப்பிலிருந்து போகும் அழைப்புகளின் மணி ஒலிக்கும் நேரத்தை ஜியோ குறைத்தது. எடுப்பதற்குள் மணி நின்றுவிட, எடுக்கத் தவறியவர் திருப்பிக் கூப்பிடுவார், தொகை ஜியோவுக்கு வரும் என்று போட்டியாளர்கள் குற்றம் சாட்டினார்கள். ஜியோ மறுத்தது. கடைசியில் அந்த ஆண்டு நவம்பரில் டிராய் தலையிட்டு, செல்போனுக்கு 30 நொடி, லேண்ட்லைனுக்கு 60 நொடி மணி அடிக்க வேண்டும் என்று விதித்தது. சாதாரண மக்கள் கண்டுபிடித்த மிஸ்டு கால் பெரிய நிறுவனங்களின் கணக்குப் புத்தகம் வரைக்கும் போய் நின்றது. 2021 ஜனவரி 1 முதல் அந்த இணைப்புக் கட்டணமே பூஜ்யமாகிவிட்டது.

சரி, பேசும் பழக்கம் செத்துவிட்டதா? எண்கள் அப்படிச் சொல்லவில்லை. 2016-க்கு முன் ஒரு பெரிய நிறுவனத்தின் சந்தாதாரர் மாதத்துக்குச் சராசரியாக 400 நிமிடத்தை ஒட்டிப் பேசிக்கொண்டிருந்தார், வந்ததும் போனதும் சேர்த்து. அண்மை ஆண்டுகளின் காலாண்டு அறிக்கைகளில் ஜியோவும் ஏர்டெல்லும் ஏறத்தாழ 1,000 நிமிடம் என்று காட்டுகின்றன. வாட்ஸாப்பில் பேசுவது இந்தக் கணக்கில் சேராது. ஆகவே நாடு முன்பைவிட அதிகமாகப் பேசுகிறது என்பதில் சந்தேகமில்லை. உங்கள் வட்டத்தில் யாரும் பேசுவதில்லை என்பதும் உண்மையாக இருக்கலாம். சராசரிக்குள் எல்லா வயதும் எல்லாத் தொழிலும் கலந்திருக்கிறது. வயதுவாரியாகப் பிரித்துப் பார்க்க இந்த அறிக்கைகள் உதவாது.

இனி வருவது என் கருத்து. காசு போனதும் வகைகள் அழியவில்லை, வேறு அடிப்படையில் பிரிந்தன. முன்பு அழைப்பவரின் பணம் தீர்மானித்ததை இப்போது எடுப்பவரின் நேரம் தீர்மானிக்கிறது. லேண்ட்லைனில் நாம் ஒரு வீட்டைக் கூப்பிட்டோம்; "யாரு பேசறது?" என்பது முதல் கேள்வி. செல்போனில் ஆளையே கூப்பிடுகிறோம், "எங்க இருக்கீங்க?" என்பது முதல் கேள்வி. அன்று அதிகக் காசு கொடுத்து வாங்கிய பி.பி. கால் இன்று ஒவ்வொரு அழைப்பிலும் இலவசமாக அமைந்திருக்கிறது. இப்படி எந்த நேரத்திலும் நேராக ஆளிடமே போய்ச் சேர முடியும் என்பதால், அந்த ஆள் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. "ஃப்ரீயா? கூப்பிடலாமா?" என்று உங்கள் நண்பர்கள் முதலில் மெசேஜ் அனுப்புவது அதனால்தான். ட்ரங்க் போர்டில் உட்கார்ந்திருந்த எனக்கு அது பதிவு செய்து பேசுவதாகவே தெரிகிறது. பதிவை ஆபரேட்டருக்குப் பதில் எதிர் ஆளே வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். முன்னறிவிப்பில்லாமல் வரும் அழைப்பு இளைஞர்களிடையே அர்ஜென்ட் கால் ஆகிவிட்டது. அதை எடுக்கும்போதே "என்ன ஆச்சு?" என்றுதான் கேட்கிறார்கள்.

சாதாரண அழைப்புக்கும் ஆப் அழைப்புக்கும் நடுவிலும் ஒரு பிரிவு ஏற்பட்டிருக்கிறது. வாட்ஸாப்பில் குரல் அழைப்பு 2015-லும் வீடியோ 2016 இறுதியிலும் வந்தன. முன்பின் தெரியாதவர், டெலிவரி ஆள், மருத்துவமனை, பள்ளி, கிராமத்துப் பெரியவர் இவர்களுக்கு எண் போட்டுக் கூப்பிடுகிறோம். நெருங்கியவர், வெளிநாட்டில் இருப்பவர், நாலைந்து பேர் சேர்ந்து பேசுவது என்றால் ஆப்பில் பேசுகிறோம். ஐ.எஸ்.டி. என்ற வகையை முழுக்க விழுங்கியது இந்த ஆப்கள்தான். வளைகுடாவில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள் ஒரு காலத்தில் பேச்சைக் கேசட்டில் பதிவு செய்து ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்பின, ஏனென்றால் ஐ.எஸ்.டி.யில் அவ்வளவு நேரம் பேசக் கட்டுப்படியாகாது. பிறகு காலிங் கார்டு வந்தது. இப்போது அமீரகத்தில் வாட்ஸாப் அழைப்பு தடுக்கப்பட்டிருப்பதால் அங்கிருப்பவர்கள் போட்டிம் போன்ற அனுமதி பெற்ற ஆப்களில் பேசுகிறார்கள். அழைப்பின் நீளமும் மாறிவிட்டது. வீடியோவைப் போட்டு போனைச் சமையல் மேடையில் டப்பா மேல் சாய்த்து வைத்துவிட்டு, அவர் பாட்டுக்கு அங்கே துணி மடிக்க, இவர் பாட்டுக்கு இங்கே காய் நறுக்க, ஒரு மணி நேரம் ஓடுகிறது. இடையில் பத்து நிமிடம் யாரும் பேசாமலே இருப்பார்கள். மூன்று நிமிட அலகில் வாழ்ந்தவர்களுக்கு இது நினைத்துப் பார்க்க முடியாத ஆடம்பரம். கூடவே இருப்பதற்காக மட்டும் ஓர் அழைப்பு என்பது போனின் வரலாற்றிலேயே புதிய வகை, இருப்பதில் சிறந்ததும் அதுதான் என்பேன்.

மோசமான புதிய வகையும் வந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. உங்கள் பாட்டியின் தலைமுறைக்கு மணி அடித்தால் எடுத்தே ஆக வேண்டும். ஏதோ ஒரு காரணம் இல்லாமல் அந்த விலைக்கு யாரும் கூப்பிட்டதில்லை. எடுத்ததும் எதிர்க்குரலை நம்பிப் பேசினார்கள். அழைப்பவருக்குச் செலவே இல்லாத காலத்தில் இந்தப் பழக்கம் ஆபத்தாக முடிகிறது. போலீஸ் உடையில் வீடியோ அழைப்பில் வந்து, "டிஜிட்டல் கைது" செய்திருக்கிறோம், போனை வைக்கக் கூடாது என்று மிரட்டிப் பணம் பறிப்பவர்களிடம் படித்த முதியவர்களே மாட்டுகிறார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. பணம் போய்விட்டால் உடனே 1930-க்குக் கூப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வணிக விளம்பர அழைப்புகளுக்கு 140 என்று தொடங்கும் எண்கள், வங்கி, காப்பீடு போன்றவற்றின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்கள் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அழைப்பவரின் பெயரைத் திரையில் காட்டும் சேவையை 2024 பிப்ரவரியில் டிராய் பரிந்துரைத்தது. இவை எல்லாம் சேர்ந்து வீட்டிலுள்ள பெரியவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியது ஒன்றுதான்: எடுக்காமல் இருப்பதும், நடுவில் வைத்துவிடுவதும் மரியாதைக் குறைவில்லை. "காசு ஏறுது" என்ற பயத்தைப் போக்குவதைவிட இதுதான் அவசரம்.

பாட்டி சொல்லும் வகைகளையும் கட்டணங்களையும் சரிபார்க்க விரும்பினால், உறவினர் வீடுகளிலோ பழைய புத்தகக் கடையிலோ எண்பதுகளின், தொண்ணூறுகளின் டெலிபோன் டைரக்டரி கிடைக்கிறதா என்று பாருங்கள். பெயர்ப் பட்டியலுக்கு முன்னால் உள்ள பக்கங்களில் எஸ்.டி.டி. குறியீடுகள், எந்தத் தூரத்துக்கு எத்தனை நொடிக்கு ஒரு யூனிட், சலுகை நேரங்கள், ட்ரங்க் காலின் வகைகள் எல்லாம் அட்டவணையாக அச்சிட்டிருப்பார்கள். அதைப் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து படித்தால், ஒவ்வொரு வரிக்கும் அவரிடம் சொல்ல ஏதாவது இருக்கும்.